மலையில் ஏறிக் கால்வாயில் முடிக்கலாம்: லாங்டொக் ஒயின் கிராமங்களில் நாலு நாள் மவுண்டன் பைக் பயணம்

தென் பிரான்ஸுக்குச் சைக்கிளோடு போகிறவர்கள் பெரும்பாலும் ப்ரோவான்ஸ் பக்கம் போய்விடுகிறார்கள். அதற்கு மேற்கே, கடலுக்கும் மலைக்கும் நடுவில் கிடக்கிற லாங்டொக்கை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பிடித்த இடம், இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஜூலையில் பெசியே நகரத்திலிருந்து மலையை நோக்கி ஏறினேன். வெயிலும் ஏற்றமும் சேர்ந்ததில் இரண்டாம் நாளே பயணத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை அக்டோபரில் அதே ஊர்களை மேலிருந்து கீழாகப் பிடித்தேன்: மலையடிவாரத்துப் பெடாரியூவில் தொடங்கி, ஓர்ப் ஆற்றுச் சரிவுகள், சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், கடைசியில் கானால் டியூ மிடி என்ற பழைய படகுக் கால்வாய்.

அப்படி இறங்கி வரும்போதுதான் இந்த நிலம் பிடிபட்டது. தினமும் டயருக்குக் கீழே இருக்கிற கல் மாறுகிறது. கல் மாறினால் திராட்சைக் கொடி வளரும் விதம் மாறுகிறது, வீட்டுச் சுவர் மாறுகிறது, ஊரின் கதையும் மாறுகிறது. நீங்கள் ஓட்டப்போகிற மண்பாதைகளில் பெரும்பாலானவை விளையாட்டுக்காக வெட்டியவை இல்லை, தோட்டத்துக்கு வண்டியும் கழுதையும் போன வழிகள். அதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டினால் இந்தப் பயணம் வெறும் சைக்கிள் பயணமாக நின்றுவிடாது. மொத்தம் சுமார் 180 கி.மீ., நாலு நாள்.

முதலில், எப்போது போவது

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். 2019 ஜூன் 28 அன்று இதே எரோ மாவட்டத்தில் வெரார்க் என்ற கிராமத்தில் 46 டிகிரி பதிவானது, பிரான்ஸில் அதுவரை யாரும் பார்க்காத சூடு. அன்று திராட்சை இலைகள் கொடியிலேயே கருகின.

கோடையில் இன்னொரு ஆபத்து காட்டுத்தீ. காற்றும் வறட்சியும் மோசமாக இருக்கிற நாட்களில் மாவட்ட நிர்வாகம் காட்டுப் பகுதிகளை மூடிவிடும். அந்த நாட்களில் மண்பாதையில் இறங்குவது சட்டப்படி தவறு, ஆகவே முந்தின நாள் சாயங்காலமே அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் பக்கத்துக் கொர்பியேர் மலைப்பகுதியில் 16,000 ஹெக்டேர் எரிந்தது. விலை கட்டாமல் கொடிகளைப் பிடுங்கிவிட்ட இடங்களில் புதர் மண்டியிருந்தது, தீக்கு அது வசதியாகப் போயிற்று என்று விவசாயிகள் அப்போது வேதனையோடு சொன்னார்கள். பராமரிக்கிற திராட்சைத் தோட்டம் தீயைத் தடுக்கிற வேலி மாதிரி. இங்கே ஒயின் விற்காமல் போனால் அது விவசாயியின் கஷ்டத்தோடு முடிவதில்லை, மொத்த மலைக்கும் சேர்த்துத்தான்.

இலையுதிர் காலத்திலும் ஒரு கவனம் தேவை. கடலிலிருந்து ஈரக்காற்று வந்து மலையில் மோதி, சில மணி நேரத்தில் மாதக்கணக்கான மழையைக் கொட்டிவிடும். 1875 செப்டம்பரில் சேன்-ஷினியான் ஊரை வெர்னசோப்ர் என்ற சின்ன ஆறு புரட்டிப் போட்டது. சாதாரண நாளில் அந்த ஆற்றைப் பார்த்தால் நம்ப முடியாது. அதனால் ஆரஞ்சு வானிலை எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு ஓய்வு. பாதையை மூடி ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவுதானே என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்காதீர்கள்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை காட்டுப்பன்றி வேட்டையும் நடக்கும். பாதையோரம் வேட்டை நடக்கிறது என்ற பலகையோ ஆரஞ்சுச் சட்டைக்காரர்களோ தெரிந்தால் நின்று, குரல் கொடுத்து, வழி கேட்டுவிட்டுப் போங்கள். பளிச்சென்ற நிறத்தில் ஒரு மேல்சட்டை கட்டாயம் வேண்டும்.

வண்டியும் சாமானும்

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும், நாலில் இரண்டு நாள் அதுதான் வசதியும்கூட. பணத்தையும் கவனத்தையும் டயரில் போடுங்கள். 2.25 அங்குலத்துக்குக் குறையாத அகலம், பக்கச்சுவர் தடித்த டயர், டியூப்லெஸ், உள்ளே புது சீலன்ட். இந்தப் பக்கத்துப் புதர்க்காட்டை காரீக் என்பார்கள். தைம், ரோஸ்மேரி, முள்ளிலை ஓக் எல்லாம் கலந்து நிற்கும், வாசனை அருமையாக இருக்கும், முள்ளும் அதே அளவு. முள் குத்தினால் சீலன்ட் பார்த்துக்கொள்ளும். கல் அறுத்தால் பார்த்துக்கொள்ளாது. பெர்லூவுக்கு மேலே ஒரு இறக்கத்தில் கத்தி மாதிரி நின்ற ஒரு சில்லு என் பின் டயரின் பக்கச்சுவரை இரண்டு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. உள்ளே தடித்த பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, டியூப் போட்டு, ஆறு கிலோமீட்டர் மெதுவாக உருட்டி ஊருக்குள் வந்தேன். அன்றிலிருந்து பக்கச்சுவர் ஒட்டும் துண்டு, ஒரு டியூப், டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு), ஒரு ஜோடி பிரேக் பேட் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. நடுவில் வருகிற ஊர்களில் பெரும்பாலும் சைக்கிள் கடை கிடையாது.

விளக்கு வேண்டும், முதல் நாளே சுரங்கப்பாதை வருகிறது. தண்ணீர் இரண்டரை லிட்டர் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் குழாயில் குடிக்கத்தக்கதல்ல என்று எழுதியிருந்தால் அது நிஜம். வேறு வழியே இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பிரான்ஸில் அங்கே அநேகமாக ஒரு குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்றுவதற்காக. மரியாதையோடு உள்ளே போய், பலகை எதுவும் தடுக்கவில்லையென்றால் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுங்கள்.

வழி கண்டுபிடிக்க பிரெஞ்சு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.-இன் 1:25,000 வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் போட்ட பலகை தெரிந்தால் அது மவுண்டன் பைக் பாதை. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறிக்கொண்டே போகும். வெள்ளை-சிவப்புக் கோடு நீண்ட நடைபாதைக்கு உரியது. அதில் சைக்கிள் போகக்கூடிய இடமும் உண்டு, படிக்கட்டாக முடிகிற இடமும் உண்டு, நடப்பவருக்கே எப்போதும் முதல் உரிமை.

முதல் நாள்: பெடாரியூவிலிருந்து ஒலார்க், சுமார் 27 கி.மீ.

பாரிஸிலிருந்து பெசியேவுக்கு டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். அங்கிருந்து பெடாரியூவுக்குச் சின்ன ரயில், முக்கால் மணி நேரம் போல. ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான் என்பதால் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.

பெடாரியூவில் தொடங்குகிறது பாசாபாயிஸ் பாதை. மசாமே வரை சுமார் 80 கி.மீ. ஓடுகிற பழைய ரயில் தடம், தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிளுக்கும் நடைக்கும் கொடுத்துவிட்டார்கள். பெயர் தென் பிரான்ஸின் பழைய மொழியான ஒக்சிதானில், நாட்டைக் கடந்து போவது என்கிற பொருள். ரயில் ஏறிய பாதை என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது, பயணக் களைப்போடு இறங்கியவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. வலது பக்கம் 1,091 மீட்டர் உயரத்துக்குக் காரூ மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கும். நேரம் இருந்தால் மோன்ஸ் பக்கத்தில் வண்டியைப் பூட்டிவிட்டு ஏரிக் பள்ளத்தாக்கில் ஒரு மணி நேரம் நடங்கள், பாறைக் குளங்களில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

இந்த உயரத்தில் திராட்சை குறைவு, செர்ரியும் செஸ்ட்நட் மரங்களும்தான் அதிகம். ஒரு காலத்தில் மலைக்காரர்களுக்கு செஸ்ட்நட்தான் சோறு. ரயில் வருவதற்கு முன் கீழே சமவெளியிலும் எல்லாம் கலந்துதான் பயிரிட்டார்கள்: கோதுமை, ஆலிவ், ஆடு, கொஞ்சம் திராட்சை. 1857-இல் பெசியேவுக்கு ரயில் வந்ததும் வடக்கே இருந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு மலிவு ஒயின் அனுப்ப முடிந்தது. சமவெளி முழுக்க ஒரே பயிரானது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள், நாலாம் நாள் அது தேவைப்படும்.

ஒலார்க் பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள் பட்டியலில் இருக்கிற ஊர். பழைய கோட்டைக் கோபுரமே இன்றைக்குத் தேவாலய மணிக்கூண்டு. கீழே ஜோர் ஆற்றின் மேல் 13-ஆம் நூற்றாண்டுக் கல்பாலம் ஒற்றை வளைவாக எழும்பி இறங்குகிறது, பேய்ப்பாலம் என்று பெயர். மாலை வெளிச்சத்தில் பார்க்கவேண்டிய இடம். இரவு தங்குவதும் இங்கேதான்.

இரண்டாம் நாள்: ரோக்ப்ரன், பெர்லூ, சேன்-ஷினியான், சுமார் 50 கி.மீ.

இதுதான் கடினமான நாள், எனக்கு மிகவும் பிடித்த நாளும் இதுவே. எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வந்த வழியே கொஞ்சம் திரும்பி, ஜோர் ஆறு ஓர்ப்பில் சேருகிற இடத்திலிருந்து ஆற்றோடு தெற்கே இறங்கினால் வியுசான், பிறகு ரோக்ப்ரன். வடகாற்றை மலை மறைத்துக்கொள்வதால் ரோக்ப்ரனில் ஆரஞ்சு காய்க்கும், பிப்ரவரியில் மிமோசா பூத்து ஊரே மஞ்சளாகும், அதற்கு ஒரு விழாவும் எடுக்கிறார்கள். மதியச் சாப்பாடு இங்கேதான், பன்னிரண்டுக்குள் இடம் பிடியுங்கள். இரண்டு மணிக்கு மேல் கிராமத்தில் சமையல் கிடையாது. கடைகளும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, பல இடங்களில் அதற்கும் மேல், மூடியிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் காலையிலேயே ரொட்டி, பெலார்தோன் என்ற வட்ட ஆட்டுப்பால் சீஸ், தக்காளி வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

சாப்பிட்டதும் ஏற்றம் தொடங்கும். சிறிய கியரில் போட்டு, உட்கார்ந்தபடியே, அவசரமில்லாமல் மிதியுங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சில்லுக்கல்லில் வழுக்கும். இந்தக் கல் சிஸ்ட், புத்தகப் பக்கம் மாதிரி இலை இலையாகப் பிளக்கிற கல். மண் என்று சொல்ல ஒன்றும் இல்லாத மாதிரித் தெரியும், ஆனால் அந்த இலைகளுக்கு நடுவே கொடியின் வேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. ஒருமுறை நின்று கொடிகளைக் கவனியுங்கள். கம்பியும் இல்லை, பந்தலும் இல்லை, முழங்கால் உயரத்தில் முறுக்கிய அடிமரம், அதிலிருந்து கிண்ணம் மாதிரி விரிந்த கைகள். கரிஞான் என்ற திராட்சை வகையின் பழைய கொடிகளை இப்படித்தான் வளர்ப்பார்கள். இயந்திரம் புகமுடியாத இடம், கையால்தான் அறுவடை.

அந்த அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் சில இடங்களில் புடைப்பு தெரியும், ஒட்டுக்கட்டிய தழும்பு. 1860-களில் ஃபிலாக்ஸெரா என்ற நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து, முதலில் பக்கத்துக் கார் மாவட்டத்தில் தென்பட்டு, பிறகு வேரைத் தின்று தின்று பிரான்ஸின் திராட்சையைக் கிட்டத்தட்ட அழித்தது. 1868-இல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் ஒருவர் மோன்பெலியே தாவரவியலாளர் பிளான்ஷோன். வைத்தியமும் அமெரிக்காவிலிருந்தே வந்தது: பூச்சியைத் தாங்குகிற அமெரிக்க வேர், அதன் மேல் உள்ளூர்க் கொடி. நீங்கள் பார்க்கிற ஏறக்குறைய ஒவ்வொரு கொடிக்கும் கால் ஒரு கண்டம், தலை ஒரு கண்டம்.

சரிவுகளில் சுண்ணாம்பும் சிமென்ட்டும் இல்லாமல் அடுக்கிய கல்சுவர்களையும், அதே முறையில் கட்டிய கூண்டு மாதிரியான குடிசைகளையும் பார்ப்பீர்கள். குடிசைக்குப் பெயர் கபிதெல். மழை வந்தால் விவசாயி ஒதுங்கவும் கருவிகளை வைக்கவும் கட்டியது. அந்தச் சுவர் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், சைக்கிளைச் சாய்க்கக்கூட வேண்டாம். ஒரு கல் சரிந்தால் அடுத்த மழையில் பத்தடி போய்விடும். கொடி வரிசைகளுக்கு நடுவிலும் ஓட்டாதீர்கள், அது ஒருவருடைய வயல். டிராக்டர் மருந்து தெளிக்கிறதென்றால் காற்று வருகிற பக்கமாக நின்று காத்திருங்கள். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் போன்ஜூர் சொல்லுங்கள், சொன்ன பிறகுதான் இங்கே பேச்சே தொடங்கும்.

பெர்லூவிலிருந்து பெரும்பாலும் இறக்கம்தான். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, எடையைப் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள். 826-இல் ஆனியான் என்ற துறவி நிறுவிய மடத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் சேன்-ஷினியான், பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். 1982-இலிருந்து இந்தப் பகுதி ஒயினுக்குத் தனி அடையாளப் பெயர் உண்டு. ரோக்ப்ரனும் பெர்லூவும் அதற்குள்ளேயே தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை பெற்றவை.

சுவைத்துப் பார்ப்பதானால் வண்டியை ஓரம் கட்டி, அன்றைய ஓட்டம் முடிந்த பிறகு மாலையில். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு பிரான்ஸில் சைக்கிள்காரருக்கும் பொருந்தும். சின்னத் தோட்டமானால் போன் செய்துவிட்டுப் போங்கள். துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவே இல்லை, தெரிந்தவர்கள் செய்வதுதான். குடிக்காதவரும் போகலாம், நிலத்தைப் பற்றிக் கேட்டால் நன்றாகப் பேசுவார்கள். அரைமணி நேரம் ஒருவர் உங்களோடு செலவிட்டால் ஒரு பாட்டிலாவது வாங்குங்கள்.

மூன்றாம் நாள்: மினெர்வ், சுமார் 35 கி.மீ.

காலையில் ஏறி மேட்டுநிலத்துக்கு வந்ததும் நிறம் மாறிவிடும், சாம்பலும் பழுப்பும் போய் எங்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். சேன்-ஜான்-த-மினெர்வுவா ஊரைச் சுற்றி அந்த வெள்ளைக் கல்லுக்குள்ளிருந்து முஸ்கா திராட்சை முளைத்து நிற்கிறது, இனிப்பு ஒயின் ஆகிற சிறுமணித் திராட்சை. வெயில் கல்லில் பட்டுக் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி எடுத்து வையுங்கள். இங்கே பாதை அகலம், ஆனால் உருளைக்கல் ஏராளம். திராமோந்தான் என்ற வடமேற்குக் காற்று அடித்தால் பக்கவாட்டில் தள்ளும், கைப்பிடியை இறுக்காமல் தளர்வாகப் பிடியுங்கள்.

தூரம் குறைவு, வேண்டுமென்றே அப்படி வைத்தேன். மினெர்வில் அரை நாள் வேண்டும். இரண்டு ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஒரு பாறை நாக்கு, அதன் மேல் ஊர். 1210 கோடையில் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான கத்தார்கள் (அரபு நாட்டோடு தொடர்பில்லாத பெயர்) இங்கே அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அவர்களை ஒழிக்க போப் அறிவித்த போரின் தளபதி சிமோன் த மோன்ஃபோர் எதிர்க்கரையில் கல்லெறி பொறிகளை நிறுத்தினான். எல்லாவற்றிலும் பெரியதற்குக் கெட்ட அண்டைவீட்டுக்காரி என்று பெயர். ஊரின் ஒரே கிணற்றுக்குப் போகிற வழியை அது இடித்தது. ஏழு வாரம் தாக்குப்பிடித்து, ஜூலையில் தண்ணீர் இல்லாமல் சரணடைந்தார்கள். தங்கள் நம்பிக்கையைக் கைவிட மறுத்த சுமார் 140 பேரை உயிரோடு எரித்தார்கள். இன்றைக்கு அங்கே ஒரு நினைவுக்கல் நிற்கிறது, நடுவில் புறா வடிவத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாக வானம் தெரியும். கோட்டையில் மிஞ்சியது ஒல்லியான ஒரு சுவர்த்துண்டு மட்டும்.

ஊருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள். கீழே செஸ் ஆறு சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து இரண்டு இயற்கைப் பாலங்கள் செய்திருக்கிறது. வறண்ட காலத்தில் அதற்குள் நடந்து போகலாம், வானிலை எச்சரிக்கை இருந்தால் கூடாது.

நாலாம் நாள்: கால்வாய் வழியே பெசியே, சுமார் 65 கி.மீ.

செஸ் ஆற்றோடு லா கோனெத் வழியாக பீஸுக்கு இறங்குங்கள். பீஸில் ஆலிவ் கூட்டுறவு ஆலை இருக்கிறது, பிறை வடிவ லூக் ஆலிவ் இந்தப் பக்கத்துப் பெருமை, ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அர்ஜெலியே. பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். முதல் நாள் சொன்ன ஒரே பயிர்க் கதை இங்கேதான் வெடித்தது.

அளவுக்கு மீறிய விளைச்சல், கூடவே சர்க்கரையும் தண்ணீரும் கலந்து செய்த போலி ஒயின், விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. 1907 மார்ச் 11 அன்று மார்செலின் ஆல்பேர் என்ற காப்பிக்கடைக்காரரும் திராட்சை விவசாயியுமான ஒருவரோடு 87 பேர் இந்த ஊரிலிருந்து நார்போனுக்கு நடந்தார்கள். மூன்றே மாதத்தில், ஜூன் 9 அன்று, மோன்பெலியேவில் ஐந்து லட்சம் பேர் கூடினார்கள். அரசு படையை அனுப்பியது, நார்போனில் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17-ஆம் படைப்பிரிவு கிளர்ந்தெழுந்து பெசியேவுக்கு வந்து மக்களோடு உட்கார்ந்துகொண்டது. தலைமறைவான ஆல்பேர் பாரிஸ் போய் பிரதமர் கிளெமான்சோவைச் சந்தித்தார். திரும்ப ரயிலுக்கு 100 ஃபிராங்க் வாங்கிக்கொண்டார், அந்தச் செய்தியைப் பரப்பியே அவர் பெயரைக் கெடுத்தார்கள். ஆனாலும் ஜூன் 29 அன்று கலப்படத்தைத் தடுக்கிற சட்டம் வந்தது. அடுத்த ஆண்டுகளில் ஊருக்கு ஊர் கூட்டுறவு ஒயின் கூடங்கள் முளைத்தன, அதற்கு முன்மாதிரி 1901-இல் பெசியே பக்கத்து மரோசானில் உருவானது. வழியில் தேவாலயத்துக்குப் போட்டியாக நிற்கிற பெரிய கட்டடங்கள் தெரிந்தால் அவை அநேகமாக அந்தக் கூடங்கள்தான்.

அர்ஜெலியேவிலேயே கால்வாயில் ஏறிவிடலாம். இதை வெட்டுகிற வேலையை பியேர்-போல் ரிக்கே என்பவர் 1666-இல் தொடங்கினார். 1681-இல் திறந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை, சில மாதங்களுக்கு முன்தான் காலமானார். இந்தப் பகுதியில் 54 கி.மீ. நீளத்துக்குப் படகை ஏற்றி இறக்குகிற மதகு ஒன்றுகூட இல்லை, மேட்டின் சரிவைத் தழுவித் தழுவி ஒரே மட்டத்தில் ஓடுகிறது. தட்டையான பாதைதான், ஆனால் மரவேர்கள் தூக்கிய மேடுகள் மணிக்கட்டை வாங்கிவிடும், அகல டயரின் அருமை இங்கேயும் தெரியும். நிழலை நம்பி வராதீர்கள். 2006-இல் கரையோரப் பிளேன் மரங்களில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது, அன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்டிய இடங்களில் நட்ட கன்றுகள் இன்னும் சின்னவை.

காப்ஸ்தானில் சாப்பாடு. அங்கிருந்து மால்பா குன்றுக்கு வந்து மேலே ஆன்செரூன் தொல்நகரம் வரை ஒரு கடைசி ஏற்றம் ஏறிவிடுங்கள், சோம்பல் வேண்டாம். கீழே மோந்தாதி தெரியும். 13-ஆம் நூற்றாண்டில் ஏரியை வடித்து நிலமாக்கியது, வாய்க்கால்கள் எல்லாம் நடுவை நோக்கி ஓட, வயல்கள் சூரியக் கதிர் மாதிரி விரிந்து கிடக்கும். நடுவில் சேர்ந்த தண்ணீர் இதே குன்றுக்கு அடியில் குடைந்த சுரங்கம் வழியாக வெளியே போகிறது. அதற்கு மேலே ரயில் சுரங்கம், அதற்கும் மேலே 1679-இல் ரிக்கே குடைந்த கால்வாய்ச் சுரங்கம். ஒரே குன்றுக்குள் மூன்று காலம்.

கொலோம்பியே தாண்டினால் ஃபோன்செரான் மதகுப் படிகள், எட்டு முட்டை வடிவத் தொட்டிகளாகக் கட்டியவை, படகுகள் இதில் படி படியாக ஏறி இறங்குகின்றன. ஒரு படகு முழுதாக இறங்கும்வரை நின்று பாருங்கள். எதிரே ஆற்றுக்கு மேலே பெசியே தேவாலயம். ரயில் நிலையம் இங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம். டி.ஜி.வி.யில் போகிறவர்கள் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், செயினை முதலில் துடைத்துவிடுங்கள், நாலு நாள் தூசி சாதாரணமானதில்லை.